சனீஸ்வரன் வேடம் கலைந்த கதை

பாண்டிச்சேரி போனால் என்ன பார்ப்பீர்கள்? கடற்கரை, மணக்குள விநாயகர், ஆசிரமம், பாரதி வாழ்ந்த வீடு. அப்படியே கருவடிக்குப்பம் மயானம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்!

அங்கேதான் சங்கரதாஸ் சுவாமிகள் உறங்குகிறார்.

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். அப்புறம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை. காமர்ஸ் படித்த எனக்குத் தெரியும், கணக்குப் புத்தகத்துக்குள் கவிதை ரொம்ப நாள் அடங்கி இருக்காது. 24 வயதில் நாடகத்துக்கு ஓடிவிட்டார்.

எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன்... எல்லாமே மிரட்டுகிற வேடங்கள். ஆஜானுபாகுவான உருவம், இடி மாதிரி குரல். ஒருமுறை இவர் சனீஸ்வரனாக ஆடிவிட்டு, விடியற்காலை இருட்டில் வேடம் கலைக்கக் குளத்துக்குப் போக, எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் பயந்து அங்கேயே விழுந்து இறந்து போனாளாம். நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. அத்தோடு அரிதாரத்தைத் துறந்தார் என்கிறார்கள்.

நடிப்பை விட்டாரே தவிர, நாடகத்தை விடவில்லை. மேடையில் ஆளுக்கொரு வசனம், இஷ்டத்துக்கு ஒரு பாட்டு என்று இருந்த காலம் அது. கதைக்கு இதுதான் பாட்டு, இதுதான் பேச்சு என்று எழுதி வரம்பு கட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று சுமார் 40 நாடகங்கள். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம்!

பெரிய நடிகர்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சரி, பொடியன்களைப் பிடிப்போம் என்று முடிவு செய்தார். 1918-ல் மதுரையில் ஆரம்பித்த பாலர் சபையில் சேர்ந்த ஆறு வயதுப் பையன்தான் பின்னாளில் 'ஔவை' டி.கே.சண்முகம். உச்சரிப்பு பிசகினால் வாத்தியார் விடமாட்டார்.

கடைசியில் விதி விளையாடியது. பக்கவாதம். அந்த இடிக்குரல் அடங்கிப்போனது. நாட்டுக்கே பேசக் கற்றுக்கொடுத்தவருக்குப் பேச்சில்லை. அந்த நிலையிலும் பையன்களை விட்டுப் பிரியாமல் கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் கூடவே போனார். அப்படி வந்த ஊர்தான் பாண்டிச்சேரி. 1922 நவம்பர் 13, திங்கட்கிழமை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண்ணில் தமிழ் நாடகத்தின் வாத்தியார் கண்மூடினார்.

13 வருஷம் கழித்து, 1935-ல் 'மேனகா' படம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் திரையில் பேசினார்கள்.

அந்தத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும். அடுத்த தடவை பாண்டிச்சேரி போனால், கருவடிக்குப்பத்துக்கும் ஒரு ஆட்டோ பிடியுங்கள்.