கடல் கடந்த காரும் மதுரைப் பதிவெண்ணும்: இறக்குமதி, பதிவு விதிகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ஊர் திரும்பும் வேளையில், அங்கே ஓட்டிய காரையும் கொண்டுவரலாமா என்ற எண்ணம் அவர்களில் சிலருக்கு எழுகிறது. மதுரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தக் காருக்குப் பதிவெண் கிடைக்குமா என்பது, அது கப்பலேறும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரலாற்றுப் பின்னணி

மதுரைக்கு அயல்நாட்டு வண்டி புதிதன்று. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, மறு ஆண்டே மதுரையில் பேருந்துச் சேவையை நடத்தினார். இந்தியாவில் மோட்டார் உற்பத்தி வேரூன்றாத காலம் அது. சாலையில் ஓடியவை கப்பலில் வந்த வண்டிகளே. நாடு முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914இல்தான் வந்தது. விடுதலைக்குப் பின் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் கொள்கை வலுப்பெற, பொது வழக்கமாயிருந்த இறக்குமதி விதிவிலக்காகச் சுருங்கியது. இன்றைய நிபந்தனைகள் அக்கொள்கையின் தொடர்ச்சியே.

3. நுழைவு நிபந்தனைகள்

3.1 ஸ்டீயரிங்: வண்டிக்கு வலப்பக்க ஸ்டீயரிங் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ஓடுபவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள். ஆகவே அங்கிருந்து திரும்பும் பெரும்பாலோருக்கு இந்த முதல் நிபந்தனையிலேயே வழி அடைபடுகிறது. சிங்கப்பூர், மலேசிய வண்டிகள் இதைத் தாண்டும்.

3.2 வயது: பழைய கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வாங்கிய தேதி கணக்கில் வராது. தயாரிப்புத் தேதியே அளவுகோல்.

3.3 துறைமுகம்: மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறத்தாழ 140 கி.மீ. தூரம்தான். ஆயினும் பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே நாட்டுக்குள் வரலாம். அங்கிருந்து ஊர் வந்து சேரும் செலவையும் உரிமையாளரே ஏற்க வேண்டும்.

3.4 தகுதிச் சான்று: ஏற்றுமதிக்கு முன் அந்நாட்டிலும், இறங்கிய பின் இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்திலும் சான்று பெற வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

4. வரிச் சுமை

பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி முன்பு 125 விழுக்காடு. சமூக நல மேல்வரியும் சேர்ந்து 137.5 ஆனது. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70 ஆகக் குறைந்தது. ஆனால் வேளாண் உட்கட்டமைப்பு மேல்வரியாக 67.5 சேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் அதே 137.5தான். சுங்கத்துறை 10 லட்சம் ரூபாயாக மதிப்பிடும் காருக்கு 13.75 லட்சம் வரி. இரண்டையும் கூட்டிய 23.75 லட்சத்தின் மீது ஐ.ஜி.எஸ்.டி. தனி. ஊரில் பதியும்போது சாலை வரியும் உண்டு.

முன்பு நுழைவு வரி என்ற இன்னொரு சுமையும் இருந்தது. வெளிநாட்டு வண்டிக்குத் தமிழ்நாட்டின் 1990ஆம் ஆண்டு நுழைவு வரிச் சட்டம் பொருந்தாது என்று பலர் வழக்குத் தொடுத்தனர். கேரள வழக்கொன்றில் மாநிலங்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2019இல் அவ்வழியே தீர்ப்பளித்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அவ்வரி மறைந்தது.

5. மதுரையில் பதிவு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பதியாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. மதுரை தெற்கு டி.என். 58, வடக்கு 59, மத்தி 64 என்ற குறியீடுகளைக் கொண்டவை. விண்ணப்பம் படிவம் 20. இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவற்றோடு சுங்க அனுமதிச் சான்றும் தேவை. மக்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டியைக் காகிதங்களோடு ஒப்பிடுகிறார். சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆர்.சி. தள்ளிப்போகும். மும்பையில் நேர்ந்த எழுத்துப் பிழையை மதுரையில் திருத்த முடியாது.

6. முடிவுரை

மதுரை அலுவலகத்தின் வேலை ஒப்பிடுவதுதான். தகுதியை உருவாக்குவது அன்று. ஸ்டீயரிங் எந்தப் பக்கம், தயாரித்த மாதம் எது, வரி எவ்வளவு என்ற மூன்றையும் அயல்நாட்டில் இருக்கும்போதே, இதே வரிசையில் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கே ‘இடப்பக்கம்’ என்று விடை வந்தால் வண்டியை அங்கேயே விற்றுவிடுவது நல்லது. இவ்விவரங்களை அயலகத் தமிழர் நலத்துறை எளிய தமிழில் ஒற்றைத் தாளாக அச்சிட்டு, வேலைக்குப் புறப்படும்போதே ஒவ்வொருவர் கையிலும் தர வேண்டும். பாலையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைத்துச் சேர்த்த பணம் துறைமுகக் கிடங்கில் முடங்கிவிடக் கூடாது.