ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு நாள் கோலாலம்பூர்: மழைக்கு முன் எங்கே, மழைக்குப் பின் எங்கே?

டிசம்பர் வந்தால் பல நாடுகளில் குளிர்காலம். நம் நாட்டில் அது மழைக்காலம். பேரங்காடிகளுக்குள் பஞ்சுப் பனியும் கிறிஸ்துமஸ் மரமும் நிற்கும்; வெளியே பிற்பகலானால் இடி இடிக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டப்புறங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தலைநகருக்கு வருவதும் இந்த நாள்களில்தான். தாத்தா பாட்டியோடு ஆறு பேர் புறப்பட்டால் பயணம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு என்று ஒரு நாளில் நல்ல தொகை கரைந்துவிடும். அப்படிச் செலவழித்து வந்துவிட்டு, பிற்பகல் முழுவதும் ஏதோ ஒரு கடை வாசலில் நனைந்தபடி நின்றுவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. கொஞ்சம் திட்டமிட்டால் அதைத் தவிர்க்கலாம்.

முதலில் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளந்தான், திரங்கானு பக்கம் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் பெய்யும். தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் கோலாலம்பூரில் பெரும்பாலும் அப்படி இருக்காது. இங்கே காலை வெயில் நிலத்தைச் சூடாக்கும், ஈரக்காற்று மேலெழும்பும், மதியத்துக்கு மேல் அது இடிமழையாகக் கொட்டும். காலை எட்டு மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் பிற்பகலில் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் காலை, பிற்பகல், இரவு எனத் தனித்தனியாக முன்னறிவிப்பு வரும். முதல் நாள் இரவு அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே வானத்துக்குக் கீழே பார்க்க வேண்டியவற்றை மதியத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். பிற்பகலுக்குக் கூரையுள்ள இடங்களை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ரயில் பாதையில் அமைந்தால் நனையவே வேண்டாம். கெலானா ஜெயா எல்.ஆர்.டி. பாதை அதற்கென்றே போட்டது போல இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் ஏறினால் பசார் சேனி, மஸ்ஜிட் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது கே.எல்.சி.சி. ஐந்தாவது நிறுத்தத்திலேயே இரட்டைக் கோபுரம் வந்துவிடும்.

நகருக்குள் காரில் வருவதை மறந்துவிடுவது நல்லது. விடுமுறை நாளில் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும்; மழை வந்தால் சாலையும் நின்றுவிடும். பந்திங், கேரித் தீவுப் பக்கம் இருப்பவர்கள் கிள்ளானிலும், கோல சிலாங்கூர்ப் பக்கத்தினர் சுங்கை பூலோவிலும் காரை விட்டுவிட்டு கேடிஎம் கொமுட்டர் ஏறலாம். சிரம்பான், காஜாங், ரவாங், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தாருக்குக் கொமுட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஈப்போவிலிருந்தும் வடக்கிலிருந்தும் இ.டி.எஸ். ரயிலில் வருவோர் சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காரில் டோல் கட்ட வைத்திருக்கும் ஒரே ஒரு டச் அண்ட் கோ அட்டையைத் தட்டி ஐந்து பேர் நுழைய முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரத்தில் டோக்கன் வாங்க வேண்டும். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்துகளில் நாள் முழுதும் ஏறி இறங்க மைசிட்டி பாஸ் இருக்கிறது. மலேசியர்களுக்கு ஒரு நாளைக்கு 6 ரிங்கிட் என்று அறிமுகமானது. இரண்டு மூன்று முறை மட்டுமே ஏறுவோர் கணக்குப் பார்த்து வாங்கலாம். அது கொமுட்டருக்குச் செல்லாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு என்பதால் பெரியவர்களின் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

காலையை பசார் சேனியிலிருந்து தொடங்கலாம். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஜாலான் துன் எச்.எஸ். லீ, அங்கேதான் 1873இல் தொடங்கிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். தைப்பூசத்தையொட்டிப் பத்துமலைக்கு வெள்ளிரதம் புறப்படும் கோயில் இது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தைப்பூசக் கூட்டத்தில் ஐந்து நிலைக் கோபுரத்தை நின்று நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மார்கழிக் காலையில் கூட்டம் அடங்கியிருக்கும்போது பிள்ளைகளுக்குச் சிற்பம் சிற்பமாகக் காட்டலாம். அதே சாலையில் சீனர்களின் குவான் தி கோயிலும் இருக்கிறது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் இருப்பதால் காலையிலேயே வந்துவிட வேண்டும்.

பத்துமலையையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். கொமுட்டர் வாசல் வரைக்கும் போகிறது, உண்மைதான். ஆனால் 272 படி ஏறி இறங்கினால் பெரியவர்களுக்கு முழங்கால் அதோடு சரி. மழை பட்ட படி வழுக்கும். எப்படியும் தைப்பூசத்துக்குப் போகிற குடும்பம் அதை அப்போதைக்கு விட்டுவைப்பதே நல்லது.

கோயிலிலிருந்து மெதுவாக நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடம். கோலாலம்பூர் என்ற பெயரே அந்தச் சேற்றுச் சங்கமத்தால் வந்தது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே 1909இல் திறக்கப்பட்ட ஜாமேக் பள்ளிவாசல். ஆற்றைக் கடந்தால் டத்தாரான் மெர்டேக்கா. 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறிய திடல் அது. எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897இல் கட்டி முடித்தது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்த பிள்ளைக்கு நேரில் காட்ட இதற்கு ஒரு காசு செலவில்லை. முதல் இடி கேட்டதும் மட்டும் திடலை விட்டு நகர்ந்துவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் மின்னல் அதிகம். திறந்த வெளியும் மரத்தடியும் ஆபத்து.

இனி கூரை. பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதாக இருந்தால் மஸ்ஜிட் ஜாமேக்கில் எல்.ஆர்.டி. ஏறி கே.எல்.சி.சி. போகலாம். நிலையத்திலிருந்து நனையாமலே சூரியா பேரங்காடிக்குள் நுழைந்துவிடலாம். அங்கே நான்காம் மாடியில் பெட்ரோசாயின்ஸ் அறிவியல் கூடம். பட்டனை அழுத்தவும் தொடவும் ஏறவும் பிள்ளைகளை விடும் இடம் என்பதால் முழுதாகச் சுற்ற இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். பிற்பகல் இரண்டுக்குள் நுழைந்துவிடுவது நல்லது. கோபுரத்தின் 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்துக்குச் சீட்டு விலை அதிகம். ஆறு பேருக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதைவிட, மழை விட்டதும் பூங்காவிலிருந்து 452 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதே மேல். விளக்கு போட்ட பிறகு நீரூற்றுக் காட்சியும் இலவசம். இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால், புக்கிட் பிந்தாங் பெவிலியன் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் குளிரூட்டப்பட்ட மேல்நடைபாதை இருக்கிறது. மழையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

தாத்தா பாட்டி கூட வந்தால் கே.எல்.சி.சி.யைவிட தேசிய அரும்பொருளகம் பொருத்தம். கே.எல். சென்ட்ரலிலிருந்து மூடிய நடைவழியாகவே போய்விடலாம். 1963 ஆகஸ்டு 31இல் திறந்தது. குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பேராக், பீடோரில் ஈயச் சுரங்கத்திலிருந்து கிடைத்த எட்டுக் கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலையை அவசியம் பார்க்க வேண்டும். காலனியாட்சிக் காலத்துக் கூடத்தில் நிற்கும்போது தாத்தாவைப் பேச விட வேண்டும். பால்மரம் வெட்டியதைப் பற்றி அவர் சொல்வது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இருக்காது.

பனியைத் தொட்டே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஷா ஆலம் ஐ-சிட்டியில் செயற்கைப் பனிக்கூடம் உண்டு. அது வேறு திசை, வேறு நாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுப் புளிச்சாதம் கட்டி வருவோர், பேரங்காடிக்குள் அதைப் பிரித்துச் சாப்பிட இடமிருக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். திடலில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை பிரிக்பீல்ட்ஸுக்கு வைத்துக்கொண்டால் வாழை இலையும் கிடைக்கும், கே.எல். சென்ட்ரலும் நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக எட்டும் தூரத்தில் இருக்கும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியிருந்த அந்தப் பகுதியில், பொங்கலுக்கு வேண்டியதையும் அப்படியே பார்த்து வரலாம்.

இரவில் கொமுட்டர் இடைவெளி கூடும். வீட்டு நிலையத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்திய ரயிலைக் குறிவைக்க வேண்டும். பையில் ஆளுக்கொரு மாற்றுச் சட்டையும் ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். நனைந்த உடம்போடு குளிரூட்டிய ரயில் பெட்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் குளிரில் நடுங்கிவிடுவார்கள்.