போடோவின் பெயரும் போட் என்னும் அலகும்

தந்தி, தொலைபேசி, கணினி ஆகிய மூன்றும் கைகோத்து நிற்கும் துறையிலே வழங்கும் கலைச்சொற்கள் சில, மனிதரின் பெயர்களிலிருந்து பிறந்தவை. தொலைபேசிக் கம்பியிலே குரல் தேய்வதை அளக்க எழுந்த அலகுக்கு, 1928ஆம் ஆண்டில், கிரகாம் பெல்லின் நினைவாக டெசிபெல் என்று பெயரிட்டனர். தொலைபேசி நிலையமொன்று தாங்கும் அழைப்புப் பாரத்தைக் குறிக்கும் ஏர்லாங் என்பது, கொபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிலே பணிபுரிந்த டேனிஷ் கணித அறிஞர் ஒருவரின் பெயராகும். இவ்வரிசையில் வருவதே போட் என்னும் சொல். இதன் பின்னே நீதிமன்ற வழக்கொன்றும் உயிர்ப்பலியொன்றும் உண்டு என்பதைப் பலரும் அறியார்.

எமில் போடோ 1845ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். ஊர்ப் பள்ளியின் தொடக்கக் கல்விக்கு அப்பால் அவர் முறையாகக் கற்றாரல்லர். 1869இல் அரசாங்கத் தந்தித் திணைக்களத்திற் சேர்ந்தார். அக்காலத்திலே பரவி வழங்கிய மோர்ஸ் குறியில் எழுத்துக்கு எழுத்து நீளம் வேறுபடும். ஓர் எழுத்துக்கு ஒரே புள்ளி, மற்றோர் எழுத்துக்கு நான்கு குறிகள். மனிதக் காதுக்கு இது தடையன்று. தானே எழுத்தை அச்சிடவேண்டிய பொறிக்கோ பெருந்தடை. போடோ எல்லா எழுத்துக்களுக்கும் ஒரே நீளம் வகுத்தார். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து அலகு கொண்டது. ஒவ்வோர் அலகிலும் மின்னோட்டம் இரு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 சேர்க்கைகள் கிடைக்கின்றன. அகரவரிசைக்கு அவை போதுமானவை. இலக்கங்களுக்கு அதே சேர்க்கைகளை மறுமுறை பயன்படுத்தினார்.

அவர் 1874இல் உரிமைப்பத்திரம் பெற்ற பொறியில் ஐந்தே விசைகள் இருந்தன: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. சுழலும் பங்கீட்டுக் கருவியொன்று ஒரே கம்பியைப் பல தந்தியாளருக்கும் முறைவைத்துக் கொடுத்தது. தமக்குரிய முறை வந்ததை அறிவிக்கும் ஓசையைக் கேட்டு, தாளம் தப்பாமல் விசைகளை அழுத்தவேண்டியது தந்தியாளர் கடமை. தாளம் பிசகின் எழுத்தும் பிசகும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 சொற்கள் அனுப்பிய அவர்களின் பயிற்சியை ஒரு வாத்தியக்காரரின் பயிற்சியோடு ஒப்பிடுவது மிகையாகாது. 1878இல் நடைபெற்ற பாரிஸ் பொருட்காட்சியிலே இப்பொறி தங்கப் பதக்கம் பெற்றது.

ஆயின், அதே 1874ஆம் ஆண்டிலே, போடோவுக்குச் சில மாதங்கள் முன்னதாக, லூயி மிமோ என்னும் மற்றொரு தந்தி ஊழியரும் ஐந்தலகுக் குறிமுறை ஒன்றுக்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். முதலில் தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, செலவுத் தொகையும் அவர் தலையிலேயே விழுந்தது. மனம் உடைந்த மிமோ இழப்பீடும் விருதும் கோரினார். அக்கோரிக்கையை ஆராய்ந்து மறுத்த குழுவின் தலைவர் ஜூல் ரேனோ என்பவரை 1888இல் சுட்டுக் கொன்றார், கடுந்தண்டனையும் பெற்றார்.

கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. எனினும் அம்மனிதனின் மனக்குறை முற்றிலும் கற்பனையென்று தள்ளவும் இயலாது. உண்மையில் ஐந்தலகு என்னும் எண்ணம் இருவருக்குமே தனியுரிமையன்று. இரு குறிகளை ஐந்தைந்தாய் அடுக்கி எழுத்துக்களைக் குறிக்கும் முறையை, ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1623இலேயே இரகசிய எழுத்துக்காக விளக்கியிருந்தார். கம்பியைக் காலத்தால் பங்கிடும் முறையையும் போடோவுக்கு முன்னரே மேயர் என்பவர் கையாண்டார். பலர் கண்ட துண்டுகளைச் சேர்த்து, ஓயாது உழைக்கும் ஒரு பொறியாக்கியதே போடோவின் சாதனை, அது சிறியதன்று.

பின்வந்த காலம் அவருக்கு மற்றொரு சலுகையும் அளித்தது. 1901ஆம் ஆண்டளவில், நியூசிலாந்தைச் சேர்ந்த டொனல்ட் மரே அடிக்கடி வரும் எழுத்துக்களுக்குத் தாள்நாடாவிற் குறைந்த துளைகளே விழுமாறு குறிகளை மாற்றியமைத்தார். தொலையச்சுப் பொறிகளில் உலகெங்கும் பரவியது மரேயின் குறிமுறையின் வழிவந்ததே. ஆயினும் மக்கள் அதனையும் போடோ குறியென்றே அழைத்துவந்தனர்.

1903இல் போடோ மறைந்தார். 1920களில் சர்வதேசத் தந்தி ஆலோசனைக் குழுவினர், ஒரு செக்கனிற் கம்பியிலே செல்லும் குறியலகுகளின் தொகையை அளக்க அவர் பெயரைச் சுருக்கி, போட் எனும் அலகை ஏற்றனர். மிகக் குறுகிய குறி ஒரு செக்கனில் 50இல் ஒரு பங்கு நேரம் நீடிக்குமாயின், அதன் வேகம் 50 போட்.

தொலைபேசிக் கம்பிவழியே கணினிகளை இணைக்கும் மொடெம் வந்தபோது இச்சொல்லின் பொருள் குழம்பிற்று. 1962இல் வெளியான பெல் 103 மொடெமில் ஒரு மாற்றம் ஒரு பிற்றைச் சுமந்தது. ஆகவே 300 போட் என்பதும் செக்கனுக்கு 300 பிற்று என்பதும் ஒன்றே. ஆனால் தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென வகுக்கப்பட்டது. ஏறக்குறைய 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையே அதிற் செல்லும். மாற்றங்களின் தொகையை விரும்பியபடி கூட்டமுடியாது. ஆதலின் பொறியியலாளர் ஒவ்வொரு மாற்றத்திலும் பல பிற்றுக்களை ஏற்றினர். 1980களிலே செக்கனுக்கு 9600 பிற்று அனுப்பிய மொடெம் உண்மையில் 2400 போட் வேகத்திலேயே இயங்கியது. மாற்றமொன்றுக்கு நான்கு பிற்று. விளம்பரக்காரரோ அதனை 9600 போட் மொடெம் என்றே விற்றனர்.

சாதாரணத் தொடர்நிலை இணைப்புகளின் அமைப்புத் திரைகளில் இன்றும் போட் வீதம் என்ற சொல் காணப்படுகின்றது. அங்கே கம்பியில் இரு நிலைகளே உள. ஒரு குறியலகுக்கு ஒரு பிற்று. எனவே அவ்விடத்தில் மட்டும் இச்சொல், போடோவின் ஐந்து விசைகளிற் கொண்டிருந்த பொருளிலேயே வழங்குகின்றது.