மௌலா

‘வ-ல-ய’ என்ற அரபு வேருக்கு அடிப்படைப் பொருள் அண்மை. அதில் பிறந்த மௌலா விசித்திரமான சொல்: எசமானும் மௌலா, அவர் விடுதலை செய்த அடிமையும் மௌலா! நண்பர், காவலர், தலைவர் எல்லாரும் அதற்குள் அடக்கம்.

632 மார்ச்சில், இறுதி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், கதீர் கும் என்ற நீர்நிலையருகே நபிகள் நாயகம் தம் மருமகன் அலீயின் கையைப் பிடித்து, தம்மை மௌலாவாகக் கொண்டவருக்கு அலீயும் மௌலா என்றார்கள். ஷியா, சுன்னி இரு தரப்பு நூல்களிலும் இச்செய்தி உண்டு, வழக்கு சொற்பொருளில்தான். ஷியாக்கள் ‘தலைவர்’ என்கிறார்கள்; ஆகவே அலீயே நேரடி வாரிசு, முதல் இமாம். சுன்னிகளுக்கு ‘அன்புக்குரியவர்’, நபியின் மறைவுக்குப் பின் சகீஃபா கூட்டத்தில் தேர்வான அபூபக்ரே முதல் கலீஃபா, அலீ நான்காமவர்.

நம்மூர் மௌலவி, மௌலானா, அவுலியா மூன்றும் இதே வேரில் கிளைத்தவை. மௌலானா என்றால் ‘எங்கள் மௌலா’.