லினக்ஸ் வரைகலை இயக்கிச் சிக்கல்கள்

உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய லினக்ஸ் இயங்குதளங்களை மேசைக்கணினியிலோ மடிக்கணினியிலோ நிறுவும்போது திரை தொடர்பாக எழும் கோளாறுகளை இப்பெயரால் குறிக்கிறோம். நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்ததும் திரை கறுத்து நின்றுவிடுவது, கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வருவது, எழுத்துகள் ஊதிப் பெருத்துத் தெரிவது, படம் ஓடும்போது காட்சி குறுக்கே கிழிவது, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்காமல் கிடப்பது ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. வரைகலை அட்டையில் எந்தப் பழுதும் இல்லாதபோதும் இவை வரும். அதே கணினியில் விண்டோஸ் ஒழுங்காக ஓடும். இதனால் லினக்ஸே அரைகுறையானது என்று முடிவுகட்டுவோர் பலர். அது தவறான முடிவு. குறை பெரும்பாலும் இயக்கியில், அதாவது டிரைவர் என்று எல்லோரும் சொல்லும் நிரலில் இருக்கிறது. அந்த நிரலை எழுதத் தேவையான சில்லு விவரங்களை உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் கொடுக்காமல் வைத்திருந்ததே அதற்கு மூலகாரணம்.

இயக்கியின் அமைப்பு

இன்றைய லினக்சில் வரைகலை இயக்கி இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒரு துண்டு, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் இருந்து நினைவகத்தைப் பங்கிடும், திரையின் அளவைத் தீர்மானிக்கும், சில்லுக்கு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும். மற்றொன்று கெர்னலுக்கு வெளியே இருந்து, விளையாட்டோ உலாவியோ கேட்கும் முப்பரிமாணப் படத்தை அந்தச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும். கட்டற்ற இயக்கிகளில் இந்த இரண்டாம் பகுதி மேசா என்னும் தொகுப்பில் அடங்கும். பிரையன் பால் 1993இல் தனி ஆளாகத் தொடங்கியது இது. இரு துண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் திரை வராமல் போகலாம்.

தொடக்க வரலாறு

யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் அமைப்பு 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய அமைப்பின் பெயர் டபிள்யூ. ஆங்கில அரிச்சுவடியில் அடுத்த எழுத்து எக்ஸ் என்பதால் இப்பெயர் அமைந்தது. பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸ் திரைகளைத் தாங்கி நின்றது இந்தப் பதினோராம் பதிப்பின் வழிவந்த நிரல்தான்.

எக்ஸ் முதலில் பெரிய பணிநிலையக் கணினிகளுக்காக எழுதப்பட்டது. அவற்றில் கணினியையும் திரையையும் ஒரே நிறுவனம் செய்து கொடுத்ததால் இயக்கிச் சிக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக் கணினியில் நிலைமை வேறு. அட்டை ஒரு நிறுவனத்துடையது, அதிலுள்ள சில்லு இன்னொன்றுடையது, திரை மூன்றாவதுடையது. இந்தக் கணினிகளுக்காக தாமஸ் ரோல் எழுதிய எக்ஸ்386 என்னும் நிரலைச் செப்பனிட 1992இல் நால்வர் கூடினர். அந்த முயற்சியே எக்ஸ்ஃப்ரீ86 ஆயிற்று. பெயரில் இருந்த ‘த்ரீ’யை ‘ஃப்ரீ’ ஆக்கிக்கொண்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை அறிவித்தது 1991 ஆகஸ்டில். ஆக, லினக்சும் இந்தத் திரை நிரலும் ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள்.

அக்காலத்தில் திரையை வரவழைக்க, பயனர் தம் கையாலேயே ஒரு அமைவுக் கோப்பை எழுதவேண்டும். அதில் மோட்லைன் எனப்படும் ஒரு வரி முக்கியமானது. அந்த வரியைச் சற்று உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. திரை என்றால் என்ன என்பதை அதைப்போல் விளக்குவது வேறில்லை. 800க்கு 600 புள்ளித் திரைக்கான வரியில் முதலில் 40 என்றிருக்கும். அடுத்து 800, 840, 968, 1056. பிறகு 600, 601, 605, 628. முதல் எண், நொடிக்கு 4 கோடிப் புள்ளிகளை அனுப்பு என்பதைச் சொல்கிறது. ஒரு கிடைவரியில் கண்ணுக்குத் தெரிபவை 800 புள்ளிகள். 840இல் தொடங்கி 968இல் முடியும் துடிப்பு, படக்குழாய்த் திரையின் எலக்ட்ரான் கற்றையை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும். அந்த இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 1056 புள்ளிக் காலம். மேலிருந்து கீழாகவும் இதே கணக்குதான்: தெரிபவை 600 வரிகள், மொத்தம் 628. 4 கோடியை 1056ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 37,900 வரிகள்; அதை 628ஆல் வகுத்தால் நொடிக்கு 60 முழுப் படங்கள்.

இந்த எண்களைத் திரையின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் தேடி எடுக்கவேண்டும். கையேடு தொலைந்திருந்தால் ஊகம்தான். தாங்கும் அளவைவிடக் கூடுதல் அதிர்வெண் கொடுத்தால் பழைய படக்குழாய்த் திரை பழுதாகக்கூடும் என்று எக்ஸ்ஃப்ரீ86 ஆவணங்களே எச்சரித்தன. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய திரை எரிந்துபோகுமோ என்ற அச்சத்தோடு ஒருவர் ஒவ்வோர் எண்ணாக மாற்றி, நிரலை ஓட்டி, திரை நடுங்கினால் உடனே நிறுத்தி, மறுபடி முயன்ற காலம் அது. அந்தப் பொறுமை இல்லாமல் லினக்ஸ் மேசைக்கணினி என்ற ஒன்றே வந்திராது. திரை தன் அளவுகளைத் தானே அட்டைக்குச் சொல்லும் முறை 1994இல் தரப்படுத்தப்பட்டது. அது பரவப் பரவ மோட்லைன் எழுதும் தேவை குறைந்தது.

மூன்றாம் பதிப்பு வரை எக்ஸ்ஃப்ரீ86 ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் தனித்தனி நிரலாக வந்தது. எஸ்3 சில்லுக்கு ஒன்று, ஏடிஐயின் மாக்64 சில்லுக்கு ஒன்று என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். 2000 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பிலிருந்துதான் ஒரே நிரல், கழற்றி மாட்டக்கூடிய இயக்கிகள் என்ற அமைப்பு வந்தது. 2004இல் உரிமத்தின் வாசகம் மாற்றப்பட்டதை ஏற்காமல் பெரும்பாலோர் பிரிந்துபோய் எக்ஸ்.ஆர்க் என்னும் கிளையைத் தொடங்கினர். முக்கிய லினக்ஸ் வெளியீடுகள் அடுத்தடுத்து அதற்கு மாறின.

விவரங்களை மறைத்தல்

முதல் பெரிய மோதல் டயமண்ட் மல்டிமீடியா என்னும் அட்டை நிறுவனத்தோடு 1990களின் முற்பகுதியில் நேர்ந்தது. தன் அட்டைகளின் கடிகாரச் சுற்றை எப்படி முடுக்குவது என்ற விவரத்தை, வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டால்தான் தருவோம் என்றது அந்நிறுவனம். மூலநிரலை ஊரறிய வெளியிடுகிறவர்கள் அப்படிக் கையெழுத்திட முடியாது. எனவே டயமண்ட் அட்டைகளுக்கு ஆதரவு இல்லை, வாங்கவேண்டாம் என்று எக்ஸ்ஃப்ரீ86 தன் ஆவணங்களில் அறிவித்தது. நிறுவனம் பின்னர் தன் நிலையை மாற்றிக்கொண்டது. விவரம் கிடைத்த பிறகு அந்த அட்டைகளும் இயங்கின.

வரைகலைச் சில்லு நிறுவனமான என்விடியா வேறு வழியில் போனது. 2000ஆம் ஆண்டளவில் லினக்சுக்குத் தானே ஓர் இயக்கியை, மூலநிரல் இல்லாமல் இருமக் கோப்பாக, வெளியிட்டது. வேகத்தில் அது விண்டோஸ் இயக்கிக்கு ஈடாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அது உடைந்தால் அந்நிறுவனத்தைத் தவிர யாராலும் சரிசெய்ய முடியாது. அதை ஏற்றிய கெர்னலுக்குக் ‘கறைபட்டது’ என்று பொருள்படும் அடையாளம் விழும். அத்தகைய கெர்னலிலிருந்து வரும் பிழை அறிக்கைகளைக் கெர்னல் நிரலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

இதற்கு மாற்றாக 2005இல் ஸ்டெஃபான் மார்ஷேசான் தொடங்கிய திட்டம் நூவோ. பிரெஞ்சு மொழியில் ‘புதியது’ என்று பொருள். கையில் ஆவணம் எதுவும் இல்லாததால் இத்திட்டத்தார் நிறுவனத்தின் இயக்கியை ஓடவிட்டு, அது சில்லின் எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதுகிறது என்பதைப் பதிவுசெய்தார்கள். ஒரு சிறு மாற்றம் செய்து மறுபடி ஓட்டி, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, எந்த எண் எதற்கு என்று பிரித்தறிந்தார்கள். ஒரு சொல்கூடத் தெரியாத ஊரில், கடைக்காரர் எதைக் கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே மொழி கற்பது போன்ற வேலை. ஐந்தாண்டு உழைப்புக்குப் பின், 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 கெர்னலில் நூவோ சேர்க்கப்பட்டது. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை அட்டைகளிலிருந்து என்விடியாவின் கையொப்பமிட்ட உள்நிரல் இருந்தால்தான் சில்லின் கடிகார வேகத்தை உயர்த்த முடியும் என்றாயிற்று. அதன்பின் நூவோவில் அந்த அட்டைகள் தொடக்க வேகத்திலேயே ஊர்ந்தன. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அட்டையின் ஆற்றலில் சிறு பகுதிதான் பயனருக்குக் கிடைத்தது.

ஏடிஐயும் முதலில் மூடிய இயக்கியையே தந்தது. 2006இல் அதை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் சில்லு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015இல் 4.2 கெர்னலோடு வந்த ஏஎம்டிஜிபியு இயக்கி இந்த மாற்றத்தின் விளைச்சல். இன்டெல் தன் இயக்கியைத் தானே திறந்த மூலமாக எழுதித் தந்தது. அதனால் இன்டெல் சில்லு மட்டும் உள்ள மடிக்கணினிகளில் தொல்லை மிகக் குறைவு.

கெர்னல் புதுப்பிப்பால் வரும் உடைப்பு

கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதன் உள்ளமைப்பு நிலையானதன்று, தேவைப்பட்டால் மாற்றப்படும். கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கும் இயக்கிகளை மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மூடிய இயக்கிக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அதன் இணைப்புப் பகுதியை மறுபடி தொகுக்கவேண்டும். இதைத் தானாகச் செய்யும் டிகேஎம்எஸ் என்னும் கருவி டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் உருவாக்கியது. கெர்னலின் தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாமலிருந்தால் தொகுப்பு தோற்றுப்போகும். மறுநாள் காலை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரை. நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை. கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இன்னொரு தடை உண்டு. தொகுத்த பகுதியில் கையொப்பம் இல்லையென்றால், அல்லது கையொப்பச் சாவியைக் கணினியில் பதிவுசெய்யவில்லையென்றால், கெர்னல் அதை ஏற்றாது. நிறுவும்போது கடவுச்சொல் கேட்பதும் மறுதொடக்கத்தில் நீலத் திரை வருவதும் இந்தப் பதிவுக்குத்தான். அதைப் புரியாமல் கடந்துவிடுவோரே பின்னர் அவதிப்படுகிறார்கள்.

இரட்டைச் சில்லு மடிக்கணினிகள்

2010இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் முறையில் மடிக்கணினிக்குள் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருக்கும். அன்றாட வேலைக்கு இன்டெல் சில்லு, கனத்த வேலைக்கு என்விடியா. தொடக்கத்தில் லினக்சுக்கு இதற்கான ஆதரவு நிறுவனத்திடமிருந்து வரவில்லை. வாங்கியவர்கள் காசு கொடுத்த சில்லு உள்ளே சும்மா சூடேறிக்கொண்டிருந்தது. தன்னார்வலர்கள் 2011இல் பம்பிள்பீ என்னும் மாற்றுவழியை எழுதினர். அதன் நிறுவல் நிரலில் நேர்ந்த பிழை கணினி உலகில் இன்றும் பேசப்படுகிறது. யுஎஸ்ஆர் என்னும் அடைவுக்குள் ஆழத்தில் இருக்கும் ஒன்றை நீக்கவேண்டிய கட்டளையில், அந்த அடைவின் பெயரை அடுத்து ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்துவிட்டது. கணினி அதை இரண்டு பெயர்களாகப் படித்து, நிரல்கள் எல்லாம் குடியிருக்கும் யுஎஸ்ஆர் அடைவை முழுவதுமாக அழித்தது. பிழை பின்னர் திருத்தப்பட்டது.

2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஆப்டிமஸ் மடிக்கணினி பற்றி அவையிலிருந்து கேள்வி எழுந்தபோது, டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுஞ்சொல்லால் சாடி, ஒளிப்படக் கருவியைப் பார்த்து நடுவிரலை உயர்த்தினார். பண்பான செயல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் பல ஆண்டுக் குமுறல் அதில் வெளிப்பட்டது.

உடனடியாகச் செய்யத்தக்கது

2009 மார்ச்சில் வந்த 2.6.29 கெர்னலிலிருந்து திரையளவை அமைக்கும் பொறுப்பு எக்ஸ் நிரலிடமிருந்து படிப்படியாகக் கெர்னலுக்கு மாறியது. அப்பொறுப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் சொல் நோமோட்செட் (nomodeset). கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டவர், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஆங்கில ‘e’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இச்சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்தினால் எளிய திரை பெரும்பாலும் வந்துவிடும். அங்கிருந்து உரிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாம். இது ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். புதுப்பிப்புக்குப் பின் திரை போயிருந்தால், அதே பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது இதைவிட நல்லது.

இன்றைய நிலை

எக்ஸ் அமைப்புக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இப்போது பெரும்பாலான வெளியீடுகளில் இயல்பிருப்பாக உள்ளது. என்விடியா 2022 மே மாதத்தில் தன் இயக்கியின் கெர்னல் பகுதியை, 2018இன் டூரிங் வகை முதலான சில்லுகளுக்கு மட்டும், திறந்த மூலமாக்கியது. கெர்னலுக்கு வெளியே உள்ள பகுதி மூடியே இருக்கிறது. புதிய சில்லுகளுக்காக நோவா என்னும் இயக்கி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு வருகிறது. 2010இல் அறிமுகமான ஃபெர்மி வகை அட்டைகளுக்கு என்விடியாவின் ஆதரவு 2022 இறுதியோடு நின்றது. அந்த அட்டைகளுக்கான நூவோ இயக்கி கெர்னலில் இருக்கிறது.