வெட்ஜ் மட்டைகளின் சாய்கோணம்

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை உயர எழுப்பி, குறைந்த தூரத்துக்குச் செலுத்தி, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிறுத்தப் பயன்படும் இரும்பு மட்டைகள் வெட்ஜ் எனப்படும். தண்டைச் செங்குத்தாக நிறுத்தும்போது மட்டையின் முகம் எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பதே சாய்கோணம். ஆட்டக்காரர்கள் அதை லாஃப்ட் என்பார்கள். இன்று விற்பனையாகும் வெட்ஜ்களின் சாய்கோணம் ஏறத்தாழ 44 பாகையிலிருந்து 64 பாகை வரை இருக்கிறது. பிட்சிங், கேப், சாண்ட், லாப் என்ற நான்கு பெயர்கள் பெருவழக்கில் உள்ளன.

இந்த நான்கும் ஒரே வேளையில் திட்டமிட்டுப் படைக்கப்பட்டவை அல்ல. முதலில் நிலைபெற்றது மணலுக்கான மட்டை. அதன் கோணம் 55, 56 பாகையிலேயே நின்றுவிட, மற்ற இரும்புகளின் கோணங்கள் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தன. நடுவில் விழுந்த இடைவெளியை எதைக் கொண்டு, எத்தனை மட்டையால் நிரப்புவது என்பதே வெட்ஜ் தேர்வின் வரலாறு.

தொடக்ககாலம்

இறகுப்பந்தின் காலத்தில் இரும்புக்கு மதிப்பில்லை. ஒரு தொப்பி நிறைய இறகை அவித்துத் தோலுறைக்குள் திணித்துத் தைத்த பந்து அது. இரும்பு பட்டால் தையல் கிழிந்துவிடும். வண்டித் தடத்தில் சிக்கிய பந்தைக் கிளப்ப மட்டும் சிறிய, வட்டமான தலைகொண்ட இரும்பு ஒன்று இருந்தது. 1848 வாக்கில் வந்த கட்டாபெர்ச்சா பந்து அடியைத் தாங்கியதால் இரும்புகள் பெருகின. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஆலன் ராபர்ட்சன், குழி அமைந்த பச்சைத்தளத்தை நெருங்கும் அடிகளுக்கு இரும்பைப் பயன்படுத்திய முன்னோடி என்பர். வண்டித்தட இரும்பாகிய நிப்ளிக்கைக் கொண்டு பந்தை உயர எழுப்பிப் பின்சுழற்சியோடு நிறுத்தும் உத்தி இளைய டாம் மாரிஸுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மாஷி, மாஷி-நிப்ளிக், நிப்ளிக் என்ற வரிசை அமைந்தது. ஒரே பெயர் பொறித்த இரு பட்டறைகளின் மட்டைகள் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை.

1921ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஜாக் ஹட்சிசன் செயின்ட் ஆண்ட்ரூஸில் வென்றார். முகத்தில் ஆழமான காடிகள் வெட்டிய அவருடைய இரும்புகள் பந்தைச் சட்டென்று நிறுத்தின. அத்தகைய காடிகள் அதே ஆண்டு தடை செய்யப்பட்டன.

மணல் மட்டை

வெட்ஜின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது 1928 முதல் 1938 வரையிலான பத்தாண்டுதான். அதற்குமுன் மணற்பள்ளத்தில் விழுந்த பந்தை மெல்லிய விளிம்புகொண்ட நிப்ளிக்கால்தான் எடுக்கவேண்டியிருந்தது. விளிம்பு கத்திபோல மணலுக்குள் இறங்கிப் புதைந்துவிடும். பந்தை மட்டும் நறுக்கென்று கிள்ளி எடுக்க முயன்றால், மயிரிழை தவறியது போதும், பந்து பச்சைத்தளத்தைத் தாண்டி ஓடிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்களும் மணலுக்கு அஞ்சியதில் வியப்பில்லை.

1928இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த எட்வின் கெர் மெக்ளெயின் ஒரு மணல் மட்டைக்குக் காப்புரிமை பெற்றார். கரண்டிபோல் உட்குழிந்த முகம், கனத்த அடிப்பகுதி. புகழ்பெற்ற ஆட்டக்காரர் வால்டர் ஹேகனின் பெயரோடு அது சந்தைக்கு வந்தது. இளம் ஆட்டக்காரர் ஹார்ட்டன் ஸ்மித் அத்தகைய மட்டை ஒன்றை அன்றைய முன்னணி ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுக்குக் கொடுத்தார். 1930இல் ஹாய்லேக் ஓப்பன் போட்டியின் கடைசிச் சுற்று, 16ஆவது குழியில் ஜோன்ஸின் பந்து மணலில் கிடந்தது. அதுவரை அரிதாகவே எடுத்திருந்த அந்தக் கனத்த மட்டையை அவர் எடுத்தார். பந்து குழிக்குச் சில அங்குலம் அருகே வந்து நின்றது. அந்த ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் அவர் வென்றதற்கு இந்த ஓர் அடி எவ்வளவு துணைநின்றது என்பதில் கருத்து வேறுபடலாம். ஹாய்லேக்கில் அவர் வென்றது இரண்டே அடி வித்தியாசத்தில். மறு ஆண்டே, 1931இல், உட்குழிந்த முகம் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. ஒரே வீச்சில் அது பந்தை இருமுறை தொடக்கூடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

தடைக்குப் பிறகு சிக்கலைத் தீர்த்தவர் ஜீன் சாரசன். இத்தாலியக் குடும்பத்தில் 1902இல் யூஜினியோ சாராசெனியாகப் பிறந்து, மட்டைப் பை சுமக்கும் கேடியாக வேலை பார்த்து ஆட்டத்துக்கு வந்தவர் அவர். பிற்காலத்தில் அவர் சொன்னபடி, ஹோவர்ட் ஹியூஸிடம் விமானம் ஓட்டப் பழகியபோது அந்த எண்ணம் தோன்றியது. பிடியைப் பின்னுக்கு இழுத்ததும் விமானத்தின் வால் தாழ்ந்தது, மூக்கு மேலெழுந்தது. மட்டையின் பின்விளிம்பும் இப்படித் தாழ்ந்திருந்தால் முன்விளிம்பு மணலுக்குள் குத்தாமல் மேலெழும் அல்லவா? ஃபுளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில், 1931இன் இறுதியை ஒட்டிய குளிர்காலத்தில், நிப்ளிக்கின் அடிப்பகுதியில் ஈயத்தைப் பற்றவைத்தார். அரத்தால் ராவினார், மணலில் அடித்துப் பார்த்தார், திரும்பவும் பற்றவைத்தார். தொழிற்கூடத்தின் வரைபடத்துக்கு முன்பே ஒரு மனிதரின் கையில் பிறந்த மட்டை இது. கோல்ஃப் கருவிகளின் வரலாற்றில் இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிற்கும் காட்சி வேறில்லை.

விமானக் கதை முழுவதும் சாரசனின் நினைவிலிருந்து வந்தது. மெக்ளெயினின் மட்டையிலும் அடிப்பகுதி கனமாகவே இருந்ததால், மணல் மட்டையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு இருவர் பெயரும் சொல்லப்படுகின்றன. சாரசனின் பங்கு, முகத்தை நேராக வைத்துக்கொண்டே அடியைத் தாழ்த்தியது என்று கொள்வது பொருந்தும். அந்தத் தாழ்வின் அளவே இன்று பவுன்ஸ் எனப்படும் கோணம்.

1932இல் சாண்ட்விச் அருகேயுள்ள பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டிக்கு அதை எடுத்துச் சென்றார். ஆட்டம் தொடங்குமுன் அதிகாரிகள் பார்த்தால் தடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, இரவில் மேலங்கிக்குள் மறைத்து விடுதிக்குக் கொண்டுபோனதாகவும், பையில் தலைகீழாகச் செருகி வைத்ததாகவும் சொல்வர். 283 அடிகளில், ஐந்து அடி முன்னிலையில் வென்றார். அடுத்த சில வாரங்களில் நியூயார்க்கின் ஃப்ரெஷ் மெடோவில் கடைசிச் சுற்றை 66இல் முடித்து அமெரிக்க ஓப்பனையும் வென்றார். வில்சன் நிறுவனம் ஆர்-90 என்ற பெயரில் மணல் மட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டை 1932 என்றும் 1933 என்றும் குறிப்பர்.

இந்த மட்டையால் ஆடும் முறையே வேறு. பந்துக்குச் சற்றுப் பின்னாலுள்ள மணலை அடிக்கவேண்டும். மட்டை மணலைத் தள்ள, மணல் பந்தைச் சுமந்துகொண்டு எழும். மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. 1973இல் தம் 71ஆம் வயதில் சாரசன் ட்ரூன் ஓப்பனில் ஆடினார். 'தபால்தலை' என்று பெயர்பெற்ற சிறிய 8ஆவது குழியில் முதல் நாள் ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தது. மறுநாள் அதே குழியில் அவருடைய பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்தே அதை நேராகக் குழிக்குள் இறக்கினார். இரு நாளும் அந்தக் குழியில் அவர் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைத் தொடவில்லை.

பதினான்கு

1930களில் எஃகுத் தண்டும் எண்ணிட்ட இரும்புத் தொகுப்புகளும் பரவின. மாஷிக்கும் நிப்ளிக்குக்கும் பதிலாக 5, 9 என்ற எண்கள் வந்தன. பைகளும் கனத்தன. ஆட்டக்காரர் லாசன் லிட்டில் 25க்கும் மேற்பட்ட மட்டைகளோடு ஆடினார் என்பர். ஒருவர் 14 மட்டைக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் வந்தது. ஏன் 14? ஜோன்ஸும் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் டோனி டோரன்ஸும் தத்தம் எண்ணிக்கையைச் சொல்லி நடுவாக எடுத்த எண் அது என்றொரு கதை உண்டு. அதை உறுதிப்பட்ட செய்தியாகக் கொள்ள இயலாது.

விதி வந்தபின் வழக்கமான பை இப்படி அமைந்தது: மர மட்டை மூன்று, 2 முதல் 9 வரை இரும்பு எட்டு, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். கூட்டினால் சரியாக 14. அந்தக் காலத்துப் பிட்சிங் வெட்ஜ் 50 பாகையை ஒட்டியும் சாண்ட் வெட்ஜ் 55, 56 பாகையிலும் இருந்தன. நடுவே ஐந்து, ஆறு பாகைதான். இடைவெளி என்றொரு சிக்கலை யாரும் உணரவில்லை.

இடைவெளி திறந்த விதம்

1970களுக்குப் பின் இரும்புகளின் கோணம் குறையத் தொடங்கியது. காரணம் பற்றி இரு கருத்துகள் உண்டு. தலையின் பின்புறத்தைக் குடைந்து எடையை ஓரங்களுக்கும் அடிக்கும் நகர்த்தியதால் பந்து தானாகவே உயர எழுந்தது, அதை ஈடுசெய்யவே கோணத்தைக் குறைத்தனர் என்பது ஒன்று. நம் 7ஆம் எண் பக்கத்துக் கடை 7ஐவிட அதிக தூரம் போகிறது என்று காட்டி விற்பதற்காகவே குறைத்தனர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். விளைவில் ஐயமில்லை. இன்றைய பிட்சிங் வெட்ஜ் பல தொகுப்புகளில் 43 முதல் 46 பாகைதான், அதாவது பழைய 9ஆம் எண் இரும்பின் கோணம். சாண்ட் வெட்ஜோ பழைய 55, 56ஐ விட்டு அதிகம் அசையவில்லை. 44க்கும் 56க்கும் நடுவே 12 பாகை.

அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தது கேப் வெட்ஜ். அதற்கு நிலையான பெயர் அமையவேயில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் ஏ, ஜி, யு எனப் பொறித்தார்கள். எழுத்தைக் கைவிட்டுப் பாகையையே எண்ணாகப் பொறிக்கும் வழக்கம் பின்னர் பரவியது. 52 என்று பொறித்திருந்தால் அதற்குமேல் கேள்வி இல்லை.

மறுமுனையில் 60 பாகை லாப் வெட்ஜ் வந்தது. நாசாவில் இயற்பியலராகப் பணியாற்றிவிட்டுக் கோல்ஃப் ஆய்வுக்கு வந்த டேவ் பெல்ஸ், ஆட்டக்காரர்கள் அடிகளை அதிகம் இழப்பது 100 கஜத்துக்கு உள்ளேதான் என்று வலியுறுத்தினார். அவருடைய அறிவுரைப்படி ஆட்டக்காரர் டாம் கைட் 1980களின் தொடக்கத்தில் கூடுதல் வெட்ஜ் வைத்து ஆடினார். 1981இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் பரிசுத்தொகைப் பட்டியலில் முதலிடம் அவருக்கே. பெபிள் பீச்சில் 1992 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில், ஏறத்தாழ 107 கஜமே உள்ள 7ஆவது குழிக்குக் கடற்காற்றின் வேகத்தால் 6ஆம் எண் இரும்பை எடுத்தார் கைட். பந்து பச்சைத்தளத்தைத் தவறவிட்டது. அங்கிருந்து வெட்ஜால் நேராகக் குழிக்குள் அனுப்பினார். அன்று பட்டமும் அவருடையதே. லாப் வெட்ஜை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை பொதுவாக கார்ஸ்டன் சொல்ஹைமின் பிங் நிறுவனத்துக்குத் தரப்படுகிறது.

தேர்வு

வெட்ஜ் தேர்வு பிட்சிங் வெட்ஜின் உண்மையான கோணத்தை அளப்பதில் தொடங்குகிறது. பொறித்த எழுத்து கோணத்தைச் சொல்வதில்லை. அங்கிருந்து நான்கு முதல் ஆறு பாகை இடைவெளியில் அடுத்தவை அமையும்: 46, 50, 54, 58 என்றோ, 44, 50, 56 என்றோ. முழு வீச்சில் மட்டைக்கு மட்டை 10 முதல் 15 கஜம் வேறுபட்டால் போதுமானது. மெதுவாக வீசுபவருக்கு நான்கு பாகை இடைவெளியில் இரண்டு மட்டைகள் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். அவருக்கு ஆறு பாகையும் ஒரு மட்டை குறைவும் நல்லது. 14 என்ற வரம்பு மாறாததால், சேரும் ஒவ்வொரு வெட்ஜுக்கும் மறுமுனையில் ஒரு மட்டை வெளியேறவேண்டும். 2ஆம் எண் இரும்பும் 3ஆம் எண் இரும்பும் பைகளிலிருந்து மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெல்ஸின் முறை இடைவெளியை மட்டையால் மட்டும் நிரப்பவில்லை. இடக்கையைக் கடிகார முள்ளாகக் கொண்டு ஏழரை, ஒன்பது, பத்தரை என மூன்று வீச்சுகள். நான்கு வெட்ஜ்களோடு பெருக்கினால் பன்னிரண்டு தூரங்கள் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் மாட்டிய கடிகாரத்தை வைத்தே விளக்கிவிடலாம் என்ற எளிமைதான் இந்த முறையின் அழகு.

இடைவெளி சற்றே பிசகினால், தலையும் தண்டும் சேரும் கழுத்தை வளைத்துக் கோணத்தை மாற்றலாம். மென்மையான எஃகில் அடித்துச் செய்தவை எளிதில் வளையும், கடின எஃகில் வார்த்தவை அடம்பிடிக்கும். ஒரு பாகை கூட்டினால் பவுன்ஸும் ஒரு பாகை கூடும், குறைத்தால் அதுவும் குறையும். 56ஐ 54 ஆக்குபவர் மணலில் மட்டை முன்பைவிட ஆழமாக இறங்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அண்மைக்காலம்

1988இல் கிளீவ்லேண்ட் நிறுவனத்தின் 588, பின்னர் டைட்டிலிஸ்ட்டுக்காக பாப் வோக்கி வடிவமைத்தவை எனத் தனித்தனியாக விற்கப்படும் வெட்ஜ்கள் தொகுப்பிலிருந்து பிரிந்தன. கூர்விளிம்புக் காடிகளுக்கான கட்டுப்பாடு 2010 முதல் தொழில்முறைப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. பந்து பறக்கும் தூரத்தை ராடாரால் அளக்கும் கருவிகள் இப்போது பரவலாகியுள்ளன. அதனால் இடைவெளியைப் பாகையில் கணக்கிடுவதைவிடக் கஜத்தில் கணக்கிடுவது வழக்கமாகி வருகிறது. ஃபில் மிக்கல்சன் போன்ற சிலர் 64 பாகை வெட்ஜையும் பயன்படுத்தியுள்ளனர்.