ஆனைமங்கலச் செப்பேடும் எல்லை நடப்பும்

பண்டைநாளில் வேந்தன் ஓர் ஊரைக் கோயிலுக்கோ பள்ளிக்கோ அந்தணர்க்கோ வழங்கியபொழுது, அவ்வட்டாரத்து நாட்டார் பிடியானையைச் சுற்றி நடத்தி, எல்லைகளிற் கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதிக் கொடுத்தனர் என்பது கல்வெட்டுப் பயில்வார் அறிந்ததே. இதனை வெறுஞ் சடங்கெனக் கொண்டு கடந்து செல்வாரும் உளர். அது பொருந்தாது, புதியதோர் உரிமை ஒரு நிலப்பரப்பின்மீது ஏற்படுமுன் அதனால் நீருக்கும் மரத்துக்கும் அயலூருக்கும் நேர்வன இவையென ஊரவர் கண்டு வரையறுத்த ஆய்வே அஃது என்பது எம் கருத்து.

இதற்குச் சிறந்த சான்றாவது ஆனைமங்கலச் செப்பேடு. லெய்டன் பெரிய செப்பேடு என்றும் இதனை வழங்குவர். கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் 97 வேலியும் சில்லறையும்; அதன் காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சிறிது மிகுந்த நெல். 21 ஏடுகளுள் வடமொழிப் பகுதி 5. தமிழ்ப் பகுதி 16. மெய்க்கீர்த்தியையும் குலமுறையையும் ஆராய்ந்த அளவுக்கு இத்தமிழ்ப் பகுதியின் எல்லைக் கூற்றை நம்மவர் ஆராய்ந்திலர். ஏடுகளின் பெரும்பகுதி அக்கூற்றுக்கே செலவிடப்பட்டிருத்தலை நோக்க, இஃதொரு குறையே.

எல்லை கூறும் முறை கருதத்தக்கது. கிழக்கெல்லை, தெற்கெல்லை என்று திசைமட்டும் சுட்டி அமையாமல், இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, அங்குநின்று இவ்வழியே சென்று இவ்விடத்தில் திரும்பி என, நடந்து சென்றோர் கண்ட வண்ணமே அது செல்கின்றது. அயலூரார் உடன் நின்றாலன்றி இவ்வாறு எழுதுதல் இயலாது. ஈற்றில் அவ்வவ்வூர் மத்தியத்தர் தம் ஊரார் பணிக்கக் கையெழுத்திட்டனர். யானைமேலிருந்து எல்லை காட்டியவரும் தம் எழுத்தைச் சேர்த்துள்ளார். எல்லைப் பிணக்கு பின்னாளில் எழுமாயின் வினவப்பட வேண்டியவர் யாவர் என்பது இதனால் ஐயமின்றி விளங்கும்.

இனி, வழங்கப்பட்ட உரிமைகளும் தடைகளும் வருமாறு: ஊர்க்கு வேண்டுமாறு வாய்க்கால் குத்தி நீர் பாய்ச்சிக் கொள்ளலாம், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தெங்கு வைக்கலாம், மருவும் தமனகமும் இருவேலியும் பயிரிடலாம், பெருஞ்செக்கு இடலாம். ஆயின் அவ்வாய்க்கால்களிற் புறத்தார் குறங்கறுத்தலும் விலங்கடைத்தலும் குற்றேத்தம் இடுதலும் கூடையால் நீர் இறைத்தலும் கூடா. கள் இறக்குவோர் தெங்கும் பனையும் ஏறுதலும் விலக்கப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் கரந்தைச் செப்பேட்டிலும் இவ்வாய்பாடே சிறிது வேறுபட்டு வருதலின், இதனைச் சோழர் அலுவலகத்தின் மாறா வழக்கெனக் கூறி ஒதுக்க ஒருவர் முற்படலாம். வாய்பாடு ஆயினும், அது பொருளற்ற வாய்பாடன்று. காவிரிக் கடைமடையில் மேல்மடையார் ஒரு குறங்கு அறுப்பின் கீழ்மடையார் விளைவு குன்றும். ஏற்றத்தின் அளவையும் கூடையையும்கூட விடாது பெயர் கூறி விலக்கிய சொற்களில் வயலில் நின்று வழக்காடியவர் குரலையே யாம் கேட்கின்றோம்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களும் இதற்குத் துணை நிற்பன. அங்கு ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் முந்திரிகைக்குக் கீழ்ப்பட்ட நுண்பின்னம் வரை அளந்து கூறி, ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலமெனக் கழித்துப் பின்னரே இறைகட்டு நிலத்தைக் காட்டினர். முந்திரிகை 320இல் ஒன்று. அதனினும் சிறிய கூறுவரை நீரோடும் இடத்தைப் பிரித்தறிந்த அளவு, வரி நோக்கம் கருதி எழுந்ததேயெனினும் நீர்நிலைக்கும் அரணாயிற்று. உத்தரமேரூர்ச் சபையார் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வகுத்த முறையில் ஏரி வாரியத்துக்குத் தனியே 6 பேரைக் குடவோலையாற் கொண்டமையும் இதனோடு ஒருங்கு வைத்து எண்ணற்பாலது.

இந்திய அரசு 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு அவ்விடத்து மக்களின் கருத்தைக் கேட்கப் பணிக்கின்றது. நாட்டார் நடையும் இதுவும் ஒன்றென யாம் கூறவில்லை. முன்னதில் வேந்தன் திருமுகம் வந்த பின்னரே நாட்டார் கூடினர். அதனைத் தலைமேற் கொண்டு எதிரெழுந்து சென்று ஏற்றனர். கொடையை மறுக்கும் உரிமை அவர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை. வேண்டுமா என்னும் வினா அவர்முன் வைக்கப்படவில்லை. எவ்வெல்லையில், எந்நீரொடு என்பதே வைக்கப்பட்டது.

மற்றொன்று. கையெழுத்திட்டோர் நிலமுடையாரும் கணக்கரும் மத்தியத்தருமே. இறையிலியெனக் கழிக்கப்பட்ட சேரிகளில் வாழ்ந்தோர் எல்லை நடந்தபொழுது எங்கு நின்றனர் என்பதற்குச் செப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை. பனையேறுவோர் தடைக்குரியராகவன்றிப் பிறவாறு குறிக்கப்பட்டிலர். பல்லவர் செப்பேடுகளிற் பயிலும் ‘குடிநீக்கி’ என்னுந் தொடர் உழுகுடிகளை நிலத்தினின்றே அகற்றியதைக் குறிக்கும் என்பார் ஒருசாரார். அவர்தம் முன்னுரிமையை மட்டும் நீக்கியதென்பார் மற்றொரு சாரார். பின்னதற்கே யாம் சார்வோம். உழுவார் இன்றி விளைவும், விளைவின்றிக் காணிக்கடனும் வருமாறில்லை. உரிமை போயின், அவர் நேற்றுவரை உழுத நிலத்தையே இன்று வேறொருவர் பொருட்டு உழுதனர்.